இறங்கத் தெரிந்த கிளி

(சமுதாயக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு முடிந்தபின் வந்த சில கேள்விகளுக்கான பதில்களையும் அந்தந்த இடத்திலேயே சேர்த்திருக்கிறேன்.)



"கிளி வளர்ப்பைப் பத்தி ஒரு அரைமணி நேரம் பேசுங்க சார்" என்றார் செயலாளர். முழுவதையும் பேச எனக்குத் தகுதியில்லை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் முப்பத்தைந்து வருடம் லெட்ஜரும் கவுண்டருமாக இருந்தவன். ஆனால் ஒரு கிளிக்குஞ்சு வீட்டுக்குள் பறக்கக் கற்றுக்கொள்ளும் ஆறேழு வாரங்கள் இருக்கின்றன பாருங்கள், அதை மட்டும் தினமும் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேசுகிறேன்.

ஏன் இதை இப்போது பேச வேண்டும்? கடந்த மூன்று மாதத்தில் நம் நான்கு பிளாக்குகளிலிருந்து மூன்று பறவைகள் வெளியே போய்விட்டன. வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். ஒன்று திரும்பி வந்தது, இரண்டு வரவில்லை. வராததில் ஒன்று, ஏழாவது மாடியில் வளர்ந்த காக்டீல். வீட்டுக்காரர்கள் சம்மதித்ததால்தான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அந்தப் பறவைக்கு இறக்கை வெட்டியிருந்தது. "வெட்டியாச்சு, இனி எங்கேயும் போகாது, கதவைத் திறந்தே வைக்கலாம்" என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஏழாவது மாடியில் மாலை நேரக் கடற்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். பறவை பறக்கவில்லை, காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. பக்கத்துக் காலிமனையில் இருக்கும் வேப்பமரத்தின் உச்சியில் போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் அங்கேயே இருந்தது. அந்த வீட்டுக் குழந்தை மரத்தடியில் நின்று கூப்பிடக் கூப்பிட அதுவும் பதில் குரல் கொடுத்தது. இறங்கி மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் இல்லை.

அப்போது பலரும் "பாசமே இல்லாத பறவை" என்றார்கள். அது தப்பு. அது வரத்தான் நினைத்தது, ஆனால் அதற்கு இறங்கத் தெரியாது. உயரத்திலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்குவது பறவைக்குச் சிரமமான வேலை. குஞ்சாக இருக்கும்போதே பழகியிருக்க வேண்டும். பழகுவதற்கு முன்பே அதன் இறக்கையை வெட்டியிருந்தார்கள்.

எந்தக் கிளியைப் பற்றிப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளி என்றாலே நமக்கு மனதில் வருவது சிவப்பு மூக்குப் பச்சைக்கிளி. அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை. 2023-இல் சென்னையில் ஒரு நடிகர் வீட்டில் இரண்டு பெரிய பச்சைக்கிளிகள் இருந்ததற்காக இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்த செய்தி நினைவிருக்கும். நம் ஊரில் கிளி ஜோசியக்காரர் பெட்டியைத் திறந்தால் கிளி நடந்து வந்து சீட்டு எடுக்கும். நடந்துதான் வரும். ஏன் பறந்து வருவதில்லை என்று சின்ன வயதில் நாம் யாரும் கேட்டதில்லை.

கடையில் சட்டப்படி வாங்கக் கிடைப்பவை வெளிநாட்டு இனங்கள். காக்டீலும் பட்ஜெரிகரும் ஆஸ்திரேலியப் பறவைகள். நாம் 'லவ்பேர்ட்ஸ்' என்று சொல்லி ஜோடியாக வாங்கி வருவது பெரும்பாலும் இந்த பட்ஜெரிகரைத்தான். உண்மையான லவ்பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, அது வேறு. சன் கான்யூர், ஆப்பிரிக்கன் கிரே போன்றவை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நம் குடியிருப்பில் அப்படி இரண்டு மூன்று வீடு இருக்கிறது, இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள். காக்டீலுக்கும் பட்ஜெரிகருக்கும் அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் வீட்டில் இருப்பது காக்டீல். பெயர் சோமு, பேரன் வைத்தது. காக்டீல் என்பதை எங்கள் வீட்டு வேலைக்கார அம்மா முதல் லிஃப்ட் ஆபரேட்டர் வரை 'காக்டெயில்' என்றுதான் சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற பின் இந்த ஆளுக்கு இப்படி ஒரு பழக்கமா என்று யாரும் நினைத்திருக்க வேண்டாம்.

சோமு வந்தபோது நாலு வாரக் குஞ்சு. கையால் கூழ் ஊட்ட வேண்டும். கொடுத்தவர் நல்ல மனிதர், "இறக்கையை இப்பவே வெட்டித் தரட்டுமா சார், காசு வேண்டாம்" என்று கேட்டார். இலவசமாகக் கிடைக்கும் எதையும் இரண்டு தடவை யோசித்து வாங்குவது என் தொழில் பழக்கம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வயதில் என்ன நடக்கிறது என்றால், காக்டீல் குஞ்சு ஐந்து வாரம் ஆகும்போது காட்டில் மரப்பொந்தை விட்டு வெளியே வந்துவிடும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே கம்பைக் காலால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறக்கையை மட்டும் படபடவென்று அடிக்கும். மேஜையில் இருந்த பேப்பரெல்லாம் பறக்கும், அது பறக்காது. மார்புத் தசைதான் பறவை உடம்பில் பெரிய தசை. அதைத்தான் அப்படித் தேற்றிக்கொள்கிறது.

இன்னொன்றும் நடக்கும். குஞ்சின் எடை குறையும். நேற்று வரை கூழுக்கு வாயைப் பிளந்து கத்தியது, இன்று ஸ்பூனைத் தள்ளிவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் இந்த இடத்தில் பயந்துபோய் வலுக்கட்டாயமாக ஊட்டுவார்கள். கூழ் மூச்சுக்குழாய்க்குள் போய்க் குஞ்சு செத்துப்போகும். அப்படி ஊட்டவே கூடாது. சமையலறைத் தராசில் தினமும் காலையில் வெறும் வயிற்றில் நிறுத்துப் பாருங்கள். சோமு முப்பதாவது நாள் 94 கிராம், முப்பத்தாறாவது நாள் 85 கிராம். பத்தில் ஒரு பங்கு குறைவது இயல்பு. கனத்த உடம்போடு முதல் தடவை கிளம்ப முடியாது என்பது அதற்கே தெரிகிறது. எடையும் குறைந்து, இறகை உப்பிக்கொண்டு, பகலிலும் கண்ணை மூடிச் சோர்ந்து உட்கார்ந்தால் அது வேறு விஷயம். அன்றே பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் போக வேண்டும்.

பறக்க நாம் கற்றுக்கொடுக்கிறோமா? கொடுக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டக்ளஸ் ஸ்பால்டிங் என்பவர் தகைவிலான் குஞ்சுகளை இறக்கை விரிக்க முடியாத சின்னக் கூண்டில் வளர்த்து, வயது வந்ததும் திறந்துவிட்டுப் பார்த்தார். அவை பறந்தன. கிளம்புவது பிறவியிலேயே இருக்கிறது. ஆனால் எங்கே திரும்புவது, எப்படி வேகத்தைக் குறைப்பது, எந்த இடத்தில் காலை நீட்டுவது, இதெல்லாம் பழகிப் பழகித்தான் கை கூடும். பறவையைப் பொறுத்தவரை கால் கூடும் என்று சொல்ல வேண்டும். எங்கள் வங்கியிலும் காலையில் கேஷ் வாங்கிக்கொண்டு கவுண்டரைத் திறப்பது யாருக்கும் எளிது. சாயங்காலம் டேலி ஆகி மூடுவதில்தான் ஆள் யாரென்று தெரியும்.

குழந்தைகளில் எத்தனை பேர் 'ரியோ' படம் பார்த்திருக்கிறீர்கள்? எல்லோரும் கை தூக்குகிறீர்கள். 2011-இல் வந்த படம். அதில் வரும் நீலக்கிளி ப்ளூ, மனிதர் வீட்டில் வளர்ந்ததால் பறக்கவே தெரியாது. கடைசியில் விமானத்திலிருந்து விழும்போது திடீரென்று பறந்துவிடும். படத்துக்குச் சரி. நிஜத்தில் அந்த வயதுவரை பறக்காத கிளிக்கு மார்புத் தசையே தேறியிருக்காது. ப்ளூவின் இனம் ஸ்பிக்ஸ் மக்காவ். இயற்கையில் 2000-க்குப் பிறகு காணாமல் போய்விட்டது. கூண்டில் பெருக்கிய பறவைகளில் எட்டை 2022 ஜூனில் பிரேசிலில் திறந்துவிட்டார்கள். தனியாக விடவில்லை, வேறு இனத்து மக்காவ்களையும் துணைக்குச் சேர்த்து விட்டார்கள். கூடப் பறக்கவும் பார்த்துக் கற்கவும் நாலு பேர் வேண்டியிருக்கிறது. நம் வீட்டுக் கிளிக்கு அந்த நாலு பேர் நாம்தான். நமக்கோ இறக்கை இல்லை. ஆகவே நாம் செய்யக்கூடியது, வீட்டைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பது.

வீட்டைச் சரிசெய்வதில் முதல் எதிரி மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. மின்விசிறி. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் புத்தகங்களில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். நம் ஊரில் பக்கம் பக்கமாக எழுத வேண்டிய விஷயம் இது. பறவைக்கு உயரமான இடம் பிடிக்கும், அறையிலேயே உயரமான இடம் விசிறிதான். பறக்க விடும்போது விசிறியை நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேளுங்கள்: கரண்ட் போகிறது, விசிறி நிற்கிறது, பறவை போய் இறக்கைமேல் உட்காருகிறது. நாமும் அதைப் பார்த்து ரசிக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். ஜெனரேட்டர் போட்டதும் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும். ஆகவே விசிறி நின்றால் போதாது, சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். ரிமோட் விசிறி வைத்திருப்பவர்கள் ரிமோட்டில் நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், யாராவது அதன்மேல் உட்கார்ந்தால் போதும். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்து, அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் சிவப்பு டேப். அதைப் பிரிக்கும் அதிகாரம் என் மனைவிக்கு மட்டும்தான், அதுவும் பறவை கூண்டுக்குள் போன பிறகு. நிற்கும் விசிறியில் கூட அது உட்கார்ந்து பழகக் கூடாது. உட்கார்ந்தால் உடனே கையை நீட்டி இறக்கிவிட வேண்டும்.

சென்னை வெயிலில் விசிறி இல்லாமல் எப்படி என்பீர்கள். காலை ஆறிலிருந்து ஏழுக்குள் முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் பறவையும் சுறுசுறுப்பாக இருக்கும், பசியோடும் இருக்கும்.

அடுத்து கண்ணாடி. ஜன்னல், பால்கனிக் கதவு, அலமாரிக் கண்ணாடி எதுவும் அதற்குச் சுவர் என்று தெரியாது. முதல் சில வாரம் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், திரை இல்லாத இடத்தில் செய்தித்தாளை ஒட்டுங்கள். பிறகு குஞ்சைக் கையில் வைத்துக் கண்ணாடி அருகே கொண்டுபோய் மூக்கால் தட்டிப் பார்க்க விடுங்கள். சோமு நாலைந்து நாள் தட்டியது, அதன்பின் மோதவில்லை.

சமையலறைக் கதவு மூடியிருக்க வேண்டும். கொதிக்கும் சாம்பார், எண்ணெய்ச் சட்டி இவை தெரிந்த ஆபத்து. தெரியாதது நான்-ஸ்டிக் தவா. வெறுமனே அடுப்பில் காய்ந்து அளவுக்கு மேல் சூடானால் அதிலிருந்து வரும் புகை நமக்குத் தெரியக்கூடத் தெரியாது, பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். பறவை இருக்கும் வீட்டில் அந்தத் தவாவே வேண்டாம், இரும்பு தோசைக்கல் போதும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஸ்பிரே எதுவும் பறவை அறையில் கூடாது. குளியலறை வாளியில் தண்ணீர் இருந்தால் மூடி வையுங்கள், அதில் விழுந்தால் ஏறி வரத் தெரியாது.

இனி பயிற்சி. குஞ்சு தானாகத்தான் கிளம்ப வேண்டும். சிலர் கையில் வைத்து மேலே தூக்கிப் போடுவார்கள், சிலர் கையை வெடுக்கென்று தாழ்த்துவார்கள். "அம்மா பறவை கூட்டிலிருந்து தள்ளிவிடுமே" என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாம் கதை. கிளிக் குஞ்சைப் பொந்துக்கு வெளியே நின்று பெற்றோர் கூப்பிடும். தூக்கிப் போட்டால் அது பறக்கக் கற்றுக்கொள்ளாது, உங்கள் கையை நம்பக்கூடாது என்று கற்றுக்கொள்ளும்.

சோமு முதலில் கிளம்பியது சோபா முதுகிலிருந்து. நேராகப் போனது. திரும்பத் தெரியாது, நிற்கத் தெரியாது. எதிர்ச்சுவரில் இருந்த திரைச்சீலையில் போய் ஒட்டிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு அவ்வளவுதான். பேரன் கை தட்டப் போனான், வேண்டாம் என்றேன். சத்தம் போட்டால் அது பயந்து மறுபடி கிளம்பும், அந்தக் கிளம்பலில்தான் அடிபடும்.

பிறகு இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டோம். நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்தப் பக்கம் தினைக் கதிர். முதலில் எட்டிக் கால் வைத்துக் கடந்தது. இரண்டு நாளில் ஒரு முழம், தத்தித் தாவியது. மூன்று முழம் ஆனபோது தாவ முடியாது, இறக்கையை விரித்தே ஆக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு நின்றாலோ போதும், நிறுத்திவிடுவோம். கதிர் கிடைக்கும்போதெல்லாம் நான் ஒரே மாதிரி இரண்டு விசில் அடிப்பேன். இதை மறக்காதீர்கள். பின்னால் உயிரைக் காப்பது இந்த விசில்தான்.

இரண்டு வாரத்தில் அறைக்கு அறை பறந்தது, வளைந்து திரும்பியது. பெரும்பாலோர் இந்த இடத்தில் பயிற்சி முடிந்தது என்று நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது இதற்குப் பின்னால் உள்ள மூன்று வாரம்தான்.

பத்தாவது நாளே சோமு திரைக் கம்பியின் மேலே ஏறிவிட்டது. ஏறியதே தவிர இறங்கவில்லை. கீழே நான் கதிரைக் காட்டுகிறேன். குனிந்து பார்க்கிறது, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்க்கிறது, கிளம்பப் போவதுபோல் முன்னால் சாய்ந்துவிட்டுப் பின்வாங்குகிறது. கத்துகிறது. வேப்பமரத்தில் நடந்ததும் இதுதான். அங்கே மரம் நாற்பதடி, இங்கே ஏழடி.

அந்த நேரத்தில் ஏணி போட்டு ஏறி எடுக்கவும் கூடாது, துடைப்பத்தால் தட்டவும் கூடாது. எடுத்துவிட்டால் "கத்தினால் ஆள் வருவார்" என்றுதான் அது கணக்குப் போடும். தட்டினால் இன்னும் உயரமாகத்தான் போகும், பயந்த பறவை மேலேதான் போகும், கீழே வராது. நான் செய்தது என்னவென்றால், கம்பிக்கு நேர் கீழே நிற்காமல் அறையின் மறுகோடிக்குப் போய், கையைத் தலைக்கு மேல் தூக்கி நின்றேன். சரிவு குறைந்தது. பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று, நோட்டில் இருக்கிறது. தோள்பட்டை வலித்ததும் நோட்டில் இருக்கிறது. கையில் வந்து உட்கார்ந்தது. மறுநாள் கையைத் தோள் உயரத்தில் வைத்தேன். அப்புறம் ஓரடி முன்னால் வந்தேன். இப்படித் தினமும் சரிவைக் கூட்டிக்கொண்டே வந்தால், மூன்றாவது வாரத்தில் லாஃப்டிலிருந்து கம்பிக்கு நேர் கீழே தரையில் வைத்த தட்டுக்கு, வாலை விரித்து, இறக்கையை எதிராக அடித்து, கிணற்றில் வாளி இறங்குவது மாதிரி இறங்கியது.

அப்படியானால் இறக்கையை வெட்டவே கூடாதா என்று சி பிளாக் மேடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கதவே இல்லாத திறந்த சமையலறை, தவழும் குழந்தை, எப்போதும் திறந்து மூடும் வாசல், இப்படி வீடுகள் இருக்கின்றன. அனுபவமுள்ள மருத்துவர்களிடையேகூட இதில் இரண்டு கருத்து உண்டு. நான் சொல்வது வயதைப் பற்றி. நன்றாகப் பறந்து இறங்கப் பழகிய பறவைக்குப் பிறகு ஒரு மருத்துவர் பார்த்து, இரண்டு பக்கமும் சமமாக, கொஞ்சம் கத்தரித்தால் அதன் உடம்பு கற்றதை மறக்காது. பறக்கவே பழகாத குஞ்சுக்கு அடியோடு வெட்டினால் அது கல் மாதிரி விழுந்து மார்பெலும்பில் அடிபடும். ஒரு பக்கம் மட்டும் வெட்டுவது அதைவிட மோசம். வளரும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும், அதைத் தெரியாமல் வெட்டினால் ரத்தம் கொட்டும். வெட்டிய இறகு அடுத்த முறை உதிர்ந்து முளைக்கும்போது நமக்குத் தகவல் சொல்லிவிட்டு முளைக்காது. "வெட்டியிருக்கிறது" என்ற தைரியத்தில் கதவைத் திறந்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் பால்கனிக் கதவு மூடியே இருக்க வேண்டும். புறாவுக்காகக் கட்டிய நைலான் வலையை நம்பாதீர்கள். காக்டீல் ஒரு மதியத்தில் அதைக் கடித்து ஓட்டை போட்டுவிடும்.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் பறவை வெளியே போகலாம். கூரியர்க்காரர் மணியடிக்கிறார், கதவு திறக்கிறது, போய்விடும். அப்போது என்ன செய்வது?

பி பிளாக்கில் திரும்பி வந்த பறவையை வைத்தே சொல்கிறேன். அதுவும் காக்டீல், வீட்டுக்குள் நன்றாகப் பறந்து பழகியது. அது போனதும் வீட்டு அம்மா செய்த நல்ல காரியம், பின்னால் ஓடாமல் நின்று எந்தத் திசையில் போகிறது, எங்கே உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எதிர் பிளாக்கின் ஐந்தாவது மாடி ஏசி பெட்டிமேல் உட்கார்ந்தது. கூட்டம் கூடியது, ஆளாளுக்குத் துண்டும் குச்சியுமாக வந்தார்கள். செக்யூரிட்டி எல்லோரையும் விலக்கிவிட்டார், அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் கீழே நின்று கூப்பிடவில்லை. கூண்டை எடுத்துக்கொண்டு அதே உயரத்துக்கு, எதிரே உள்ள ஐந்தாவது மாடி வராந்தாவுக்குப் போனார். வழக்கமான விசிலை அடித்தார். இருட்டும் நேரம், வரவில்லை. இருட்டியபின் பறவை இடம் மாறாது, உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். மறுநாள் விடிவதற்கு முன்பே அதே இடத்தில் கூண்டோடும் தினைக் கதிரோடும் போய் நின்றார். காக்கைகள் கிளம்புவதற்கு முன்னால். ஆறு மணிக்கு விசில். முதல் விசிலுக்குப் பதில் குரல், மூன்றாவது விசிலுக்குப் பறவையே வந்துவிட்டது.

வேப்பமரத்துப் பறவைக்கும் இதே முயற்சியைச் செய்யப் பார்த்தார்கள். மரத்துக்கு நேர் எதிரே டி பிளாக் மொட்டை மாடி, கிட்டத்தட்ட அதே உயரம். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை, பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறோம். அதனால் சங்கத்துக்கு என் கோரிக்கை: ஒவ்வொரு பிளாக் மொட்டை மாடிக்கும் இரண்டாவது சாவி ஒன்று வாசல் செக்யூரிட்டி அறையில், பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும்படி இருக்க வேண்டும். பறவைக்கு மட்டும் இல்லை, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும்போதும் அது உதவும். தலைவர் தலையாட்டுகிறார், மினிட்ஸில் ஏறினால்தான் நம்புவேன்.

ஒரு வார்த்தை பச்சைக்கிளியைப் பற்றியும். பூங்காவுக்குப் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரப் பொந்துகளில் அவை குஞ்சு பொரிக்கின்றன. குஞ்சு ஏதாவது பறக்கப் பழகும்போது தரையில் இறங்கிவிட்டால் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், கூழ் ஊட்டாதீர்கள். பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி வந்துவிடுங்கள். தாய்ப்பறவை பக்கத்தில்தான் இருக்கும். காயம் இருந்தால் மட்டும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சோமுவை ஏன் இங்கே கொண்டு வரவில்லை என்று குழந்தைகள் கேட்கிறார்கள். இந்தக் கூடத்தில் எட்டு விசிறி ஓடுகிறது, எண்ணிப் பாருங்கள். பார்க்க விரும்புபவர்கள் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஏ பிளாக், இரண்டாவது மாடிக்கு வாருங்கள். ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டும். காலிங் பெல்லை அடிக்காமல் கதவை மெதுவாகத் தட்டுங்கள், பறவை கூண்டுக்குள் போனபின்தான் திறப்பேன்.